இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை



செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எலி மருந்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குலை பழுக்கத் தொடங்கினால் எலி வந்துவிடும்; பழத்தின் சதையைக் கொறித்துப் போட்டுவிடும். அதற்காக மெழுகும் தானியமும் கலந்து உருட்டிய சிறு கட்டிகளை மரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போவார்கள். 1970களில் அக்கட்டிகளில் சேர்க்கப்பட்ட மருந்து பெரும்பாலும் வார்ஃபரின் என்பது. அதைத் தின்ற எலி அந்த இடத்திலேயே விழுந்து சாகாது. சில நாள் நடமாடிவிட்டு, உடம்புக்குள் இரத்தம் கசிந்து, எங்கோ ஒரு மூலையில் செத்துக் கிடக்கும். 1980களில் எலிகள் அம்மருந்துக்குப் பழகிப்போகவே, அதைவிடக் கடுமையான மருந்துகளும், கூகைகளுக்குப் பெட்டிக் கூடு கட்டிவைத்து எலி பிடிக்கச் செய்யும் முறையும் தோட்டங்களுக்கு வந்தன.

அந்த வார்ஃபரினைத்தான் இன்று நம் பெரியவர்களில் பலர் நாள்தோறும் ஒரு வேளை விழுங்குகிறார்கள். பக்கவாதம் வராமல் தடுக்க அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்து அது. மலாய் மொழியில் 'ஊபாட் சாயிர் டாரா' என்பார்கள். நம்மவர் 'ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை' என்பார்கள்.

டெங்கில் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். லங்காட் ஆற்றை ஒட்டிய இந்தச் சிறு நகரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும்தான். புத்ராஜெயா நகரம் எழும்பியபோது பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து நம் மக்கள் 1990களின் இறுதியில் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று பால் மரம் சீவியவர்களும் குலை வெட்டியவர்களும் இன்று பெரும்பாலும் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். இரத்த அழுத்தமும் இனிப்புநீரும் இதயக் கோளாறும் வந்து சேரும் வயது அது. அப்படிப்பட்ட ஒரு பெரியவருக்கு மருத்துவமனையில் வார்ஃபரின் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் பேரப்பிள்ளை மாத்திரையின் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க சாப்பிடறது எலி மருந்தாம்!" என்கிறான். தாத்தா எலி மருந்து வைத்தவர்; எலி எப்படிச் சாகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர். மறுநாள் பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் இரத்தம் தெரிகிறது. அவ்வளவுதான், மாத்திரைப் பொட்டலம் சாமி மேடைக்குப் பின்னால் போய்விடுகிறது.

தாத்தாவின் அச்சத்தை நாம் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பேரன் சொன்னது பொய்யும் அல்ல. அந்த மருந்தால் இரத்தப்போக்கு உண்டாகக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால் மாத்திரையை நிறுத்தியதால் அவருக்கு வரக்கூடிய ஆபத்து, அதை உண்பதால் வரக்கூடிய ஆபத்தைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். இந்த இரண்டு ஆபத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இன்றைய பேச்சு.

முதலில் இந்த மருந்து வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கேட்கத் தகுந்த கதைதான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் கசிந்து செத்தன. கொம்பு அறுத்த சிறு காயம்கூட நிற்காமல் ஒழுகியது. ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர், பூசணம் பிடித்த ஒருவகை வைக்கோலைத் தின்ற மாடுகளுக்குத்தான் இது வருகிறது என்று கண்டார். 1933-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கடும் பனிப்புயலில் ஒரு விவசாயி செத்த கிடாரியையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து, அந்த வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஒட்டிச் செய்யப்பட்டதே வார்ஃபரின். ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் நிறுவனத்தின் பெயரெழுத்துகளிலிருந்து இந்தப் பெயர் வந்தது. 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே, மாரடைப்புக்கு உள்ளான அந்நாட்டு அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள்.

எலிக்கும் அதிபருக்கும் ஒரே மருந்துதான். வேறுபாடு அளவிலும் கண்காணிப்பிலும் இருக்கிறது. எலிக்கு அளவு பார்ப்பார் இல்லை. மனிதருக்கோ இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள்.

இனி இது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரத்தத்தை இது தண்ணீராக்குவதில்லை. இரத்தத்தின் கெட்டித் தன்மை அப்படியேதான் இருக்கும். காயம் பட்டால் இரத்தம் உறைந்து நிற்பதற்கு நம் கல்லீரல் சில புரதங்களைச் செய்து அனுப்புகிறது. அவற்றுள் சிலவற்றைச் செய்து முடிக்க 'கே' வைட்டமின் வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. ஆகவே உறைதல் தாமதப்படுகிறது. முன்பே செய்து வைத்த புரதங்கள் தீரும்வரை மருந்தின் முழுப் பலன் தெரியாது. அதனால்தான் இன்று விழுங்கிய மாத்திரையின் பயன் இரண்டு மூன்று நாள் கழித்தே தெரிகிறது. அளவு தவறி இன்று கூடுதலாக உண்டால், அதன் கேடும் அப்படித்தான், சில நாள் கழித்தே வெளிப்படும்.

உறைவதைத் தடுப்பானேன் என்று கேட்கலாம். நம் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சில பேருக்குத் தாளம் தப்பித் துடிதுடிக்கும். டாக்டர்கள் இதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பார்கள். ஓடாத வாய்க்காலில் பாசி படிவதுபோல, அசையாத மூலையில் தங்கும் இரத்தம் அங்கேயே கட்டியாக உறைகிறது. அந்தக் கட்டி ஒரு நாள் பிரிந்து மேலே சென்று மூளையின் இரத்தக் குழாயை அடைத்தால் கையும் காலும் வாயும் விழுந்துவிடும். இந்தத் துடிப்புக் கோளாறு உடையவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும், சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கும் கட்டி உறையும் ஆபத்து உண்டு.

ஐந்து ஆய்வுகளைச் சேர்த்து 1994-இல் வெளியிட்ட ஒரு கணக்கு இங்கே பயன்படும். துடிப்புக் கோளாறு உடையவர்களில் மருந்து உண்ணாத 100 பேரில் ஓராண்டில் 4 அல்லது 5 பேருக்குப் பக்கவாதம் வந்தது. வார்ஃபரின் உண்டவர்களில் அது 1 அல்லது 2 பேராகக் குறைந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு தடுக்கப்பட்டது. மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பின்னர் 2009 முதல் 2011 வரை வெளிவந்த பெரிய ஆய்வுகளில், வார்ஃபரின் உண்ட 100 பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 பேருக்குப் பெரிய இரத்தப்போக்கு ஏற்பட்டது. இரண்டையும் எடை போட்டுத்தான் டாக்டர் இம்மருந்தை எழுதுகிறார். இரத்தப்போக்குகளில் பல வயிற்றில் வருபவை, சிகிச்சையால் தேறிவிடலாம். பக்கவாதமோ பலரைப் படுக்கையிலேயே வைத்துவிடுகிறது. ஆயினும் மூளைக்குள் வரும் இரத்தக் கசிவு என்ற ஒன்றும் உண்டு. அது அரிது, ஆனால் மிகக் கொடியது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இம்மருந்தின் பக்கவிளைவு என்று சொல்வது, உண்மையில் அதன் வேலையே அளவு மீறிப் போவதுதான். மற்ற மருந்துகள் பலவற்றில் நன்மை ஒரு வழியாகவும் தீமை வேறு வழியாகவும் வரும். இதிலோ இரண்டும் ஒரே வழி. ஆகவே இரத்தம் கொஞ்சமும் கசியாத அளவில் மருந்து வேண்டும் என்று கேட்பது, மருந்தே வேண்டாம் என்பதற்குச் சமம்.

பல் துலக்கும்போது சிறிது இரத்தம், சிறு இடிக்குக்கூடத் தோலில் நீலம் பாய்தல், சவரம் செய்த வெட்டு நிற்கச் சற்று நேரம் பிடித்தல் ஆகியவை இம்மருந்து உண்பவரிடம் எதிர்பார்க்கத் தக்கவை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது சொன்னால் போதும். மென்மையான பல் தூரிகை, மின் சவரக் கருவி போன்ற சிறு மாற்றங்களால் சமாளிக்கலாம். ஆனால் மூக்கிலிருந்து வரும் இரத்தம் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லையென்றால் அது வேறு சங்கதி. மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போனால் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் சிலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். ஐயமிருந்தால் காட்டிவிடுவதே நல்லது. சிறுநீர் கோலா நிறத்தில் போதல், காப்பித் தூள்போல வாந்தி, காரணமில்லாமல் மூட்டு வீங்கிச் சூடாதல், சிலருக்கு முகம் வெளிறி மூச்சு வாங்குதல் ஆகியவை அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடையாளங்கள்.

தலையில் அடிபட்டால் மட்டும் எந்த யோசனையும் வேண்டாம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும், குளியலறையில் வழுக்கி விழுந்தாலும், வெளியே காயமே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் அன்று ஒன்றும் செய்யாமலிருந்து, நாட்கள் கழித்தும் தலைவலியாக, வாந்தியாக, தள்ளாட்டமாக வெளிப்படும். 'அப்பாவுக்கு இப்போதெல்லாம் ஞாபகமே இல்லை, வயசாயிற்று' என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பதும் உண்டு.

இந்த மருந்தின் அளவைக் கண்காணிக்கும் சோதனைக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். மருந்து உண்ணாத ஒருவருக்கு அது ஏறத்தாழ ஒன்று என்றிருக்கும். துடிப்புக் கோளாறுக்காக உண்பவருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும். சிலவகை உலோக வால்வுக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாக வைப்பார்கள். இரண்டுக்குக் கீழே போனால் கட்டி உறையும் ஆபத்து. நான்கைத் தாண்டி ஏற ஏற இரத்தப்போக்கு ஆபத்து. அந்த ஒடுக்கமான வரப்பில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் அடிக்கடியும், நிலைத்தபின் சில வாரங்களுக்கு ஒரு முறையும் சோதிக்கிறார்கள். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் மருந்தாளுநர்களே நடத்தும் வார்ஃபரின் கிளினிக்குகள் இருக்கின்றன. அங்கே ஒரு சிறு புத்தகம் கொடுத்து ஒவ்வொரு முறையும் எண்ணையும் அளவையும் எழுதிக்கொடுப்பார்கள். டெங்கிலிலிருந்து புத்ராஜெயாவுக்கோ செர்டாங்குக்கோ ஒரு நாள் போய்வருவது வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சிரமம்தான். 'இந்த முறை போகாவிட்டால் என்ன' என்று தள்ளிப்போடுவதும் இயல்பே. ஆனால் சோதிக்காமல் உண்ணும் வார்ஃபரின், அளவு பார்க்காமல் உண்ணும் மருந்துதான். எலிக்கு வைத்தது போலத்தான்.

மாத்திரையின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல தயாரிப்புகளில் ஒரு மில்லிகிராம் பழுப்பாகவும், மூன்று நீலமாகவும், ஐந்து இளஞ்சிவப்பாகவும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் 'நீலம் ஒன்று, பழுப்பு பாதி' என்று நிறத்தை வைத்தே நினைவில் கொள்வார்கள். தயாரிக்கும் நிறுவனம் மாறினால் நிறமும் மாறக்கூடும். ஆதலால் புதிய பொட்டலம் வாங்கும்போதெல்லாம் மருந்தாளுநரிடம் மில்லிகிராம் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நம் வீட்டில் நடக்கும் சங்கதிக்கு வருவோம். இரத்தப்போக்கு வந்த பலரிடம் காரணம் கேட்டால், வார்ஃபரினோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும். முழங்கால் வலி என்று மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை அதில் முதலிடம். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றின் உட்தோலைப் புண்ணாக்குகின்றன. இரத்தத் தட்டுகளின் வேலையையும் கெடுக்கின்றன. வார்ஃபரின் ஒருபக்கம், இது ஒருபக்கம் என்று சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கொட்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். அதையும் நாள்தோறும் நாலு வேளை என்று பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும், ஆகவே சொல்லிவிட்டு உண்ண வேண்டும். இடுப்பில் போடும் வலி ஊசியும் தசைக்குள் இரத்தம் கட்டச் செய்யும். 'ஒரு ஊசி போடுங்க டாக்டர்' என்று தனியார் கிளினிக்கில் நாமே கேட்டு வாங்கும் வழக்கத்தை இம்மருந்து உண்பவர்கள் விட்டுவிட வேண்டும். அழுத்தி உருவிவிடும் மசாஜும் அவர்களுக்கு ஆகாது.

கிருமிக்கொல்லி மருந்துகளிலும் சில இதனோடு மோதும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் ஆகியவை பெயர்போனவை. பல்செட்டு கட்டியவர்களுக்கு வாய்ப்புண் என்று தடவும் மைக்கோனசோல் களிம்புகூட ஐ.என்.ஆரை வெகுவாக ஏற்றிவிடும். வாயில் தடவுவதுதானே என்று யாரும் ஐயப்படுவதில்லை. எதிர்ப்பக்கமாக, காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபினும் வார்ஃபரினின் பலனைக் குறைத்துவிடும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் உட்கார்ந்தவுடன் முதலில் சொல்ல வேண்டியது: "நான் வார்ஃபரின் சாப்பிடறேன்."

பசார் மாலாமில் விற்கும் ஜாமுவையும், 'எல்லா நோய்க்கும்' என்று சொல்லி விற்கும் பொட்டலங்களையும் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. மூலிகை என்று ஒட்டிய சில பொட்டலங்களில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. கலப்படம் இல்லாத மூலிகையும் வார்ஃபரினோடு ஒத்துப்போகும் என்பதில்லை. சீன மருந்துக்கடையில் கிடைக்கும் டாங் குவாய், டான்சென் ஆகிய வேர்கள் இரத்தப்போக்கைக் கூட்டும். ஜின்செங் மருந்தின் பலனைக் குறைக்கும். பூண்டும் மஞ்சளும் குழம்பில் இருப்பதால் கேடு இல்லை. அவற்றையே சத்து மாத்திரைகளாக அடைத்து விற்பதை உண்ணும்போதுதான் ஐயம். வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மீதைல் சாலிசிலேட் என்ற பொருள் இருப்பதுண்டு. அது ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். தோல் வழியே உள்ளே போகும். நெற்றியில் ஒரு துளி தடவினால் ஒன்றுமில்லை. முதுகு, முழங்கால் என்று நாள்தோறும் அள்ளித் தேய்த்தால் ஐ.என்.ஆர். ஏறிவிடும். நம் வீடுகளில் தைலப் புட்டி இல்லாத தலையணை ஏது?

உணவைப் பற்றி நம்மவரிடையே ஒரு தவறான பேச்சு பரவியிருக்கிறது: கீரையே தொடக்கூடாதாம். கீரையில் 'கே' வைட்டமின் அதிகம் என்பது மெய். முருங்கைக் கீரை, பாயம், காங்கோங், சாவி, கைலான் எல்லாம் அப்படித்தான். அதற்காக விலக்க வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு உண்கிறோமோ அதை ஏறத்தாழ ஒரே சீராக வைத்துக்கொண்டால் டாக்டர் அதற்கேற்ப மருந்தின் அளவைப் பொருத்திக்கொள்வார். தொல்லை வருவது திடீர் மாற்றத்தால். புரட்டாசி மாதத்தில் மாமிசத்தை விட்டு நாள்தோறும் கீரையாக உண்பவருக்கு ஐ.என்.ஆர். இறங்கிவிடக்கூடும். வயிற்றுப்போக்கு வந்தோ, விரதம் இருந்தோ பல நாள் சரியாக உண்ணாதவருக்கு ஏறிவிடக்கூடும். விரத மாதம் தொடங்குவதற்கு முன்னரே கிளினிக்கில் சொல்லி ஒரு சோதனைக்கு நாள் வாங்கிக்கொண்டால் போதும். மதுவின் விஷயத்தில் இப்படிச் சமாதானம் சொல்ல முடியவில்லை. சம்சுவும் பீரும் அளவு மீறும்போது ஐ.என்.ஆர். தாறுமாறாகும், கல்லீரலும் கெடும், போதையில் விழுந்தால் தலையில் அடிபடும்.

தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டுதல் உள்ளவர்கள், இம்மருந்து உண்ணும் காலத்தில் பால்குடமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பத்துமலையின் 272 படிகளை ஏறலாமா என்பதையும் இதய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலாங்கூர் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தனி எச்சரிக்கை உண்டு. டெங்கிக் காய்ச்சல் இங்கே ஓயாத நோய். டெங்கியில் இரத்தத் தட்டுகள் குறைந்து, தானாகவே இரத்தம் கசியும் நிலை வரும். வார்ஃபரினோ வேறு உறைவுத் தடுப்பு மருந்தோ உண்பவருக்குக் காய்ச்சல் அடித்தால், இரண்டு நாள் பார்ப்போம் என்று வீட்டில் இருக்கலாகாது. முதல் நாளே கிளினிக்குக்குப் போய் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மருந்தைத் தற்காலிகமாக நிறுத்துவதா, தொடர்வதா என்பது தட்டுகளின் எண்ணிக்கையையும் நோயாளியின் இதயத்தையும் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. உலோக வால்வு உள்ளவருக்கு நிறுத்துவதும் ஆபத்து, தொடர்வதும் ஆபத்து. அத்தகைய கணக்கை வீட்டில் போட முடியாது.

வார்ஃபரின் உண்ணும் இளம்பெண்களை மறந்துவிடக் கூடாது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இருபது முப்பது வயதிலேயே உலோக வால்வு பொருத்திக்கொண்ட பெண்கள் நம்மிடையே உண்டு. வார்ஃபரின் கருவிலிருக்கும் குழந்தையின் உருவத்தைக் கெடுக்கக்கூடியது. முதல் மூன்று மாதத்தில் அந்த ஆபத்து மிகுதி. ஆதலால் பிள்ளை வேண்டும் என்று எண்ணும்போதே, கருத்தரிப்பதற்கு முன்னரே, டாக்டரிடம் பேச வேண்டும். கரு உண்டானது தெரிந்ததும் பயந்துபோய்த் தானாகவே மாத்திரையை விடுவது, வால்வில் கட்டி உறைந்து தாயின் உயிருக்கே உலை வைக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்றால் வேறு ஊசி மருந்துக்கு மாற்றும் வழி இருக்கிறது. மாதவிலக்கு வழக்கத்தைவிட மிகுதியாகப் போவதையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அதனால் இரத்தசோகை வந்து களைத்துப்போகிறவர்கள் பலர்.

இரத்தப்போக்கு அல்லாத பக்கவிளைவுகளும் சில உண்டு. முடி கொஞ்சம் உதிரலாம், தோலில் தடிப்பு வரலாம். மருந்து தொடங்கிய முதல் பத்து நாளுக்குள் தொடை, மார்பு போன்ற இடங்களில் தோல் கறுத்து வலிப்பது மிக மிக அரிது. வந்தால் உடனே காட்ட வேண்டும். கால்விரல்கள் ஊதா நிறமாவதும் அரிதே.

'இப்போது சோதனையே வேண்டாத புது மருந்து வந்திருக்கிறதாமே' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். டாபிகாட்ரான், ரிவராக்சபன், அபிக்சபன், எடாக்சபன் என்ற மருந்துகள் 2009-க்குப் பின் ஆய்வுகளில் தேறி வந்தவை. இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை, கீரைத் தொல்லை இல்லை, மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்தும் வார்ஃபரினைவிட ஏறத்தாழப் பாதி. ஆனால் இரத்தப்போக்கே வராது என்று நினைப்பது தவறு. வயிற்றிலிருந்து வரும் இரத்தம் சிலவற்றில் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. டாபிகாட்ரான் நெஞ்செரிச்சலை உண்டாக்கும். அதன் உறையைப் பிரித்துப் பொடியை உண்ணலாகாது. வேறு டப்பாவில் மாற்றி வைக்கவும் கூடாது. ரிவராக்சபனைப் பசியாறிய பின்னரோ இரவுச் சாப்பாட்டோடோ உண்ண வேண்டும். இவை சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அளவு குறைக்க வேண்டியிருக்கும். சிலருக்குக் கொடுக்கவே முடியாது. ஒரு நாள் மறந்தால் வார்ஃபரினைவிட விரைவாகப் பலன் போய்விடும் என்பதும் இவற்றின் குறை.

எல்லாருக்கும் இந்தப் புது மருந்துகள் ஆவதும் இல்லை. உலோக வால்வு உள்ளவர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, கட்டியும் இரத்தப்போக்கும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2013-இல் வெளியாயிற்று. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுத் துடிப்பும் தவறியவர்களிடம், 24 நாடுகளில் ஏறத்தாழ 4,500 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அதில் ரிவராக்சபன் உண்டவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து உண்டவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது. பழைய மருந்து என்று ஏளனம் செய்ய இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் புது மருந்து கொடுத்தார்கள், எனக்கு மட்டும் எலி மருந்தா என்று வருந்துபவர்களிடம் இதைச் சொல்லலாம்.

பல் பிடுங்க வேண்டியிருந்தால், மூன்று நாள் முன்பே தானாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவது பலரின் வழக்கம். ஐ.என்.ஆர். சரியான அளவில் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலே பல் எடுக்கலாம். பல் மருத்துவர் தையலாலும் பஞ்சாலும் இரத்தத்தை நிறுத்திவிடுவார். அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஒரு வேளை வார்ஃபரினை மறந்துவிட்டால், அன்றைக்குள் நினைவு வந்தால் உண்ணலாம். மறுநாள்தான் நினைவு வருகிறதென்றால் விட்டதை விட்டுவிட்டு அன்றைய அளவை மட்டும் உண்ண வேண்டும். இரண்டு நாளுக்கும் சேர்த்து விழுங்கலாகாது. மறந்த நாளைச் சிறு புத்தகத்தில் குறித்து வைத்தால், அடுத்த சோதனையில் எண் இறங்கியிருப்பதற்குக் காரணம் தெரியும். இல்லையென்றால் வீணாக மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்கள்.

மருந்து ஒழுங்காக உண்டும் பக்கவாதம் வராது என்ற உறுதி கிடையாது. வாய் ஒருபக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலும், பேச்சு குழறினாலும், உடனே 999-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். இரத்தம் உறையாத மருந்து உண்பவருக்கு அந்த ஊசி போடலாமா என்பது ஐ.என்.ஆர். எண்ணையும் கடைசி மாத்திரையை உண்ட நேரத்தையும் பொறுத்தது. ஆகவே ஆம்புலன்சில் ஏறும்போது, அடையாள அட்டையோடு அந்தச் சிறு புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியால் பேச முடியாதபோது அவருக்காகப் பேசப்போவது அதுதான்.